பெண் குழந்தைக்கு அதிகம் புழங்காத பெயர்: இருவரும் ஒத்துப்போவது எப்படி?

"யாருக்கும் இல்லாத பெயராக இருக்கணும்" என்று தேட ஆரம்பிக்கும் பலர் கடைசியில் 'ஷிகா'விலோ 'ன்யா'விலோ முடியும் ஒரு பெயரில் வந்து நிற்கிறார்கள். அதுவும் அரிய பெயராக இருப்பதில்லை. ஊட்டியிலோ குன்னூரிலோ ஏதாவது ஒரு எல்.கே.ஜி. வகுப்பில் எட்டிப் பார்த்தால் அதே ஒலியில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வாயில் நுழையாத ஒலியை அரிய பெயர் என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. சொல் அரிதாக இருக்கட்டும், ஒலி யார் வாயிலும் தடுக்காமல் வரட்டும். பெயர் தேடுகிறவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம், முதுமலை தாண்டினால் கன்னடம், கோத்தகிரி ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், படுக மொழி, வெலிங்டனில் இந்தி, கொடைக்கானல் கான்வென்டில் ஆங்கிலம். இத்தனை வாயிலும் புகுந்து வரப்போகிற பெயர் அது.

முதலில் ஆளுக்கொரு தாள்

வளைகாப்பு முடிந்த கையோடு, ஏழாம் மாதத்தில் ஆரம்பியுங்கள். பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தூக்கம் கெட்ட வீட்டில் யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர் சொன்ன பெயர்தான் நிற்கும். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் ஆண் பெயருக்கும் ஒரு பட்டியல் தயாராக இருக்க வேண்டும். இங்கே பெண் பெயர் மட்டும் பார்ப்போம்.

கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக 12 பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஏன் பிடித்தது என்று ஒரே ஒரு வரி. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் சண்டை வேண்டாம் என்று அதே மாதிரிப் பெயர்களை எழுதிவிடுவார்கள்; மனசுக்குள் இருப்பது தொட்டில் போடும் நாளில்தான் வெளியே வரும்.

பிறகு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பட்டியலில் நாலு பெயரை அடிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. காரணம் கேட்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் பெயர், சண்டை போட்ட மேனேஜர் பெயர் என்று ஆயிரம் இருக்கும். காரணம் கேட்டால் அது பெயரைப் பற்றிய பேச்சாக இருக்காது.

மிஞ்சிய 16 பெயரில் இரண்டு தாளிலும் ஒரே பெயர் இருப்பது அபூர்வம். அதைத் தேடாதீர்கள். அந்த ஒரு வரிக் காரணங்களைப் படியுங்கள். அவர் 'யாழினி' என்று எழுதி "கூப்பிட இனிமை" என்று போட்டிருப்பார், அவள் 'மகிழினி' என்று எழுதி "முடிவு நல்லா இருக்கு" என்று போட்டிருப்பாள். இருவருக்கும் பிடித்தது அந்த 'இனி' என்ற முடிவு. அப்படியென்றால் தேட வேண்டியது அதே முடிவுள்ள, இவ்வளவு புழங்காத மூன்றாவது பெயர். புறநானூற்றில் பாட்டுள்ள குறமகள் இளவெயினியின் பெயர் இங்கே கச்சிதமாக உட்காரும். மலை நாட்டுக்காரிக்கு மலை நாட்டுக்காரி பெயர்.

இருவர் பெயரையும் வெட்டி ஒட்டிப் புதுப்பெயர் செய்யும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ரமேஷில் 'ர', கவிதாவில் 'விதா', ஆக 'ரவிதா'. சண்டை தீரும் என்பது உண்மை. ஆனால் "உன் பேருக்கு என்னம்மா அர்த்தம்?" என்று டீச்சர் கேட்கும்போது குழந்தை முழிக்கும். எங்கள் ஓட்டு இதற்கு இல்லை.

எங்கே தேடுவது

பெயர் ஆப்களில் தேடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். அவற்றில் பாதிப் பெயருக்கு 'லட்சுமி', 'ஒளி', 'அழகு' என்று ஏதோ ஒன்றை எழுதி வைத்திருப்பார்கள். முதலில் பழைய தமிழில் தேடுங்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வரிசையாக வருகிறது. மலைக்காரர்களுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது. சங்கப் பெண்புலவர் பெயர்கள் இன்னொரு சுரங்கம்: நன்முல்லை, இளவெயினி, வெள்ளிவீதி, ஆதிமந்தி. மூன்றாவது, வீட்டிலேயே இருப்பது. பாட்டி பெயரை வைத்தே ஆக வேண்டும் என்ற வீடுகளில் அந்தப் பெயரின் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பாட்டி மாரியம்மாள் என்றால் மாரி மழை. அங்கிருந்து மேகம், எழிலி என்று போகலாம்.

கிடைத்த பெயரை அப்படியே வைத்துவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்ற அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சொல்லைத் தேடி முதல் பொருளோடு நிறுத்தாமல் கடைசிப் பொருள் வரை படியுங்கள். வில்லங்கம் அங்கேதான் இருக்கும். 'நறவம்' குறிஞ்சிப்பாட்டுப் பூ, கூடவே அதற்குக் கள் என்றும் பொருள். 'அலர்' மலர்தான், ஆனால் சங்கப் பாட்டில் ஊர் பேசும் வம்புக்கும் அதே சொல். 'குவளை' பூவாக அழகு. தண்ணீர் குடிக்கிற பாத்திரமும் குவளைதான், வகுப்பில் "டம்ளர்" என்று கூப்பிட ஒருத்தன் போதும். ஆதிமந்தி காவிரியில் கணவனைத் தேடிப் போனவள் என்று நீங்கள் எவ்வளவு விளக்கினாலும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மந்தி என்றால் கையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதுதான்.

அடுத்த வீட்டு மொழியில் என்ன பொருள் என்றும் கேட்டுவிடுங்கள். நீலகிரியில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. 'மதி' தமிழில் நிலவும் அறிவும். மலையாளத்தில் 'போதும்' என்று பொருள். அடுத்தடுத்துப் பெண் பிறந்ததால் போதும்பொண்ணு என்று பெயர் வைத்த காலத்தை மறந்துவிடலாம் என்று பார்த்தால், கூடலூர் ஸ்கூலில் அது வேறு வழியாக வந்து நிற்கும். 'குறிஞ்சி' மலைக்கே உரிய பெயர். 2006-இலும் 2018-இலும் மலை நீலமாகப் பூத்ததைப் பார்த்தவர்களுக்கு அதை விட மனசு வராது. ஆனால் மலையாளத்தில் குறிஞ்ஞி என்றால் பெண் பூனையும்தான். கொடைக்கானலில் இருப்பவர்கள் கவலைப்படாமல் வைக்கலாம், கூடலூரில் இருப்பவர்கள் ஒரு முறை யோசிக்கலாம். 'அல்லி' கன்னடத்தில் 'அங்கே'. இது யாரையும் புண்படுத்தாது, சிரிப்போடு போய்விடும். தள்ள வேண்டியது எது, சிரித்துவிட்டுப் போகலாம் என்பது எது என்று நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

கூப்பிட்டுப் பார்ப்பது

பெயரைத் தாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேயிலைத் தோட்டத்து மேல்பாதையில் ஒருவர், முப்பது நாற்பது வரிசைக்குக் கீழே ஒருவர் நின்றுகொண்டு கூப்பிட்டுப் பாருங்கள். காற்று அடிக்கிற மாலை நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசி எழுத்தில்தான் குரல் போகும். 'இ', 'ஆ' என்று முடியும் பெயரை நீட்டலாம்: "வானீ...", "இளவெயினீ...". 'ல்', 'ழ்' என்று முடிவதை நீட்ட முடியாது. அதனால் வாய் தானாக ஒரு 'உ' சேர்க்கும். எழில் 'எழிலு' ஆகும், மௌவல் 'மௌவலு' ஆகும். 'ஐ' என்று முடிவது பேச்சில் பாதியாகும்: நன்முல்லை வீட்டில் 'நன்முல்ல', அவசரத்தில் 'முல்ல'. அந்தப் பேச்சு வடிவம் உங்கள் காதுக்குப் பிடித்தால் பெயர் தேறியது. அந்த வடிவத்தைத்தான் அடுத்த இருபது வருடம் கேட்கப்போகிறீர்கள். சான்றிதழில் இருப்பது எப்போதாவது கேட்பது.

ஒரு தடவை கோபமாகவும் கூப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாறு எழுத்துப் பெயர் கோபத்தில் நிச்சயம் உடையும். இளவெயினி 'இளா' ஆகலாம், 'வெயினி' ஆகலாம். எந்தத் துண்டு நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் எல்லாத் துண்டும் சகிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எழிலியை எடுத்துக்கொள்வோம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிற ஊரில் மேகம் என்று பொருள்படும் பெயர், கேட்கவே ஆசையாக இருக்கும். லெக்சிகனில் பழுதில்லை. கூப்பிடவும் வரும். ஆனால் நடுவில் ஒரு ழ. இன்றைய கன்னடத்தில் ழ கிடையாது. ஆங்கிலத்தில் அதற்கு இசட், ஹெச் என்று எழுதுவார்கள், வெளியூர் டீச்சர் அதை 'எஜிலி' என்று படிப்பார். தமிழ்ப் பிள்ளைகளிலும் பாதிப் பேர் வாயில் அது 'எளிலி'. அதில் ஒரு எழுத்து நழுவினால் 'எலி'. இரண்டாம் வகுப்புக்குள் நழுவிவிடும். மனசில்லாமல்தான் என்றாலும் இந்தப் பெயரைத் தள்ளுவதே சரி. ஞாழல் என்ற பூப்பெயரில் இரண்டு பக்கமும் இடி: ஞ-வைத் தமிழர் ஜி-என் என்றும் மலையாளிகள் என்-ஜே என்றும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், கூடவே ழ. ஒரே குழந்தைக்கு நாலு விதமான ஸ்பெல்லிங் வரும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று. பெயரை ஐந்து பேருக்கு போனில் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பேராவது சரியாக எழுதினால் பரவாயில்லை. அதற்குக் கீழே போனால், அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கத் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்ஷியலோடு சேர்த்துப் படிக்க மறந்துவிடுவார்கள். தமிழில் இன்ஷியல் போடும்போதுதான் இந்த வேடிக்கை நடக்கும். அப்பா சீனிவாசன், மகள் தனம் என்றால் வருகைப் பதிவேட்டில் 'சீ. தனம்'. அப்பா கோபால், மகள் மதி என்றால் 'கோ. மதி', ஒரு பெயரே இரண்டாகிவிடும். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயரோ அம்மா பெயரோ முழுசாக வரும், அதோடும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

நட்சத்திர எழுத்தும் எண்கணிதமும்

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து. ரோகிணியா, ஓ, வா, வி, வு. அனுஷமா, ந, நி, நு, நே. இந்த அளவில் சிக்கல் இல்லை. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்காது. இங்கேதான் மாமனார் வீடும் தாய்வீடும் முறுக்கிக்கொள்ளும், கடைசியில் பொருளில்லாத ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவார்கள்.

முறுக்கல் தேவையே இல்லை. ஜாதகப் பெயர் வேறு, கூப்பிடும் பெயர் வேறு என்று வைத்துக்கொள்வது நம் வீடுகளில் பழைய வழக்கம்தான். நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரைத் தொட்டில் போடும் நாளில் காதில் மூன்று தடவை சொல்லுங்கள், கோவில் அர்ச்சனைக்கும் அதையே கொடுங்கள். பதிவில் உங்கள் பெயர் இருக்கட்டும். இதைப் பிரசவத்துக்கு முன்பே பெரியவர்களிடம் பேசி முடித்துவிட வேண்டும். பதினோராம் நாள் காலையில் பேச ஆரம்பித்தால் பழிதான் வரும்.

எண்கணிதம் பார்ப்பவர்கள் தமிழ் எழுத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஆங்கிலத்தை அதற்குப் பிறகு. கூட்டுத்தொகைக்காக ஒரு எழுத்து கூடலாம். மூன்று ஏ, இரண்டு ஹெச் என்று போனால் ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக ஏறும்.

மூன்றாகக் குறைந்த பிறகே பெரியவர்களிடம்

பட்டியல் மூன்றாகும்வரை வீட்டில் யாருக்கும் காட்டாதீர்கள். மூன்றும் உங்கள் இருவருக்கும் சம்மதமான பெயராக இருக்க வேண்டும், சும்மா எண்ணிக்கைக்கு ஒன்று சேர்த்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "இந்தப் பேர் எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டால் குறை சொல்ல இடம் கொடுத்தாயிற்று. "அத்தை, இந்த மூணுல உங்களுக்கு எது கூப்பிட வருது?" என்று கேளுங்கள். மூன்றையும் அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பாட்டி வாயில் எது வழுக்குகிறதோ அது தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் இழுபறி என்றால் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு நாள் கொடுங்கள். வயிற்றிலிருக்கும் குழந்தையை அந்த இரண்டு நாளும் அந்தப் பெயரிலேயே இருவரும் கூப்பிட வேண்டும். ஆறு நாளில் ஒன்று தானாக நாக்கில் ஒட்டும். அப்போதும் ஆளுக்கொன்று என்று நின்றால், பத்து மாதம் சுமந்தவள் சொல்வது நிற்கட்டும். செல்லப்பெயர் வைக்கும் உரிமையை அப்பா எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பெயரையும் ஒட்டி ஒன்றாக்குவது சமாதானம் மாதிரித் தெரியும், பள்ளிக்கூடம் சேர்ந்த மாதமே ஒரு பாதி உதிர்ந்துவிடும், யார் பாதி உதிர்ந்தது என்று மறுபடி ஆரம்பிக்கும்.

செல்லப்பெயரிலும் ஒரு எச்சரிக்கை. பாப்பா, அம்மு, குட்டி என்று தொடங்கினால் நீங்கள் தேடி எடுத்த பெயர் பால்வாடிக்குப் போகும்வரை குழந்தைக்கே தெரியாது. முதல் மூன்று மாதம் வீட்டில் எல்லோரும் முழுப்பெயரில் கூப்பிடட்டும்.

பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலே பதியலாம். அதனால் ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டுகிறார்கள் என்று அவசரத்தில் எதையாவது எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் ஒரு தடவை ஏறிவிட்ட பெயரைப் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. எழுத்துப்பிழை என்றால் திருத்தம் கேட்கலாம், பெயரையே மாற்ற அரசிதழ் வரை போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான்.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிறப்பு பதிவாவது பிறந்த ஊரில், குடியிருக்கும் ஊரில் இல்லை. பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போனால் அங்கே, தாய்வீடு வத்தலக்குண்டு என்றால் அங்கே. குன்னூர் திரும்பிய பிறகு பெயர் சேர்க்க வேண்டுமென்றால் கைக்குழந்தையை வீட்டில் விட்டு மறுபடி மலையிறங்க வேண்டும். முடிந்தவரை ஒன்பதாம் மாதத்துக்குள் பெயரை முடித்துவிட்டு, கீழே இருக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

கொடுக்கும் தாளில் பெயரைத் தமிழில் பெரிதாக, ஆங்கிலத்தில் தனித்தனிப் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள். வானி என்ற பெயருக்கு இது கட்டாயம். குறிஞ்சிப்பாட்டில் அது ஒரு பூ, பதிற்றுப்பத்தில் ஓர் ஆறு, அதை நீலகிரியில் பிறக்கும் பவானி என்றே சொல்வார்கள்; இரண்டே எழுத்து, எந்த மொழிக்காரர் வாயிலும் வரும், நீட்டிக் கூப்பிடலாம். ஒரே குறை, கேட்பவர் எல்லோரும் சரஸ்வதி என்று நினைத்து 'வாணி' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங் என்பதால் அங்கிருந்து தமிழுக்குத் திருப்பும்போதும் அதே தப்பு நடக்கும். தாளிலேயே "இரண்டு சுழி ன" என்று எழுதி அடிக்கோடு போடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் தமிழ் வரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். அப்பா பெயர், அம்மா பெயர் வரிகளையும் சேர்த்து.